ஒட்டாத கஞ்சி

ராசிபுரத்தில் ஓர் இனிப்புக் கடை. பலகாரத்தைப் போட்டுக் கொடுத்த பை வெளிர் நிறத்தில் இருந்தது. பாலிதீன் போலச் சலசலக்கவில்லை. மெழுகு தடவிய துணி மாதிரி மெத்தென்று இருந்தது. "குச்சிக்கெழங்கு மாவுல செஞ்சதுங்க, மண்ணுல போட்டா மக்கிப் போயிடும்" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற அம்மா விடவில்லை. "ஏனுங்க, மாவுன்னா மழையில நனைஞ்சா கூழாயிடாதுங்களா?"

கடைக்காரர் சிரித்தார். பதில் வரவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாவு என்றால் ஏன் கரையவில்லை? பிளாஸ்டிக் என்றால் எப்படி மக்கும்? இந்த இரண்டையும் கேட்பவர்கள் உண்டு. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை: மாவும் பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் ஆயிற்றே, ஒரே பையில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன? இதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் தனியாக விடை தேட வேண்டியதில்லை.

கிழங்குப் பால்

சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இந்த மாவைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க எதுவுமில்லை. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது, 1943-44 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் குடிசைத் தொழிலாகத் தொடங்கியது. பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று ஊர் ஊராகச் சேகோ ஆலைகள் வந்தன. 1981இல் ஆலைக்காரர்கள் சேர்ந்து 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆலைக்குள் நடப்பதும் பலருக்குத் தெரியும். லாரியில் வரும் கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை வைப்பதில்லை; எத்தனை 'பாயிண்ட்' மாவு இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை. தோலுரித்து, கழுவி, அரைத்து, சலித்தால் பால் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம். திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பால் தொட்டியில் சில மணி நேரம் நின்றால் மாவு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும்.

இந்தத் தொட்டியை ஒரு நிமிடம் கவனியுங்கள். மாவு தண்ணீரில் கரையவில்லை, படிந்திருக்கிறது! அதே மாவை அடுப்பில் வைத்துக் கிளறினால் பத்து நிமிடத்தில் கண்ணாடி போன்ற கஞ்சி. பாயசத்தில் வெள்ளையாகப் போட்ட ஜவ்வரிசி பளிங்காக மாறுவதும் இதுதான். சூடு பட்டதும் என்ன மாறியது?

மாவுக்கு எத்தனை கை

மாவு என்பது சர்க்கரையைக் கோத்த மாலை. குளுக்கோஸ் என்ற ஒரே மணி, ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோக்கப்பட்டது. இப்படி ஒரே உறுப்பு திரும்பத் திரும்ப வரும் நீள மூலக்கூறுக்குப் பலபடி என்று பெயர். பாலிதீனும் பலபடிதான், பருத்தி நூலும் பலபடிதான்.

மாலையின் ஒவ்வொரு மணியிலிருந்தும் மூன்று சிறு கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் ஆக்சிஜன், அதன் நுனியில் ஒரு ஹைட்ரஜன். இதற்கு ஹைட்ராக்சில் என்று பெயர். ஒரு மூலக்கூறில் வேலை நடக்கிற இடம் இப்படிப்பட்ட கிளைதான். உடம்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் எதிராளியைத் தொடுவது இதுதான். பாடப்புத்தகம் இதை வினைச்செயல் தொகுதி என்கிறது. இங்கே 'கை' என்றே சொல்லிவிடலாம்.

பச்சை மாவில் இந்தக் கைகள் எல்லாம் பக்கத்துக் கைகளைப் பிடித்தபடி இருக்கின்றன. அதனால்தான் மாவு, குருணை குருணையாக, தண்ணீரைச் சட்டை செய்யாமல் அடியில் கிடக்கிறது. அறுபது எழுபது டிகிரிச் சூட்டில் பிடி தளர்கிறது, தண்ணீர் உள்ளே புகுந்து ஒவ்வொரு கையையும் தான் பிடித்துக்கொள்கிறது. குருணை ஊதி உடைந்து கஞ்சியாகிறது.

கைகளுக்குள் நடக்கும் காரியம் இரண்டு வகை என்பதையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம். தண்ணீரோடு நடப்பது கைப்பிடி. சுலபமாகப் பிடிக்கும், சுலபமாக விடும். இன்னொன்று முடிச்சு. இரண்டு கைகள் வினைபுரிந்து, அணுக்கள் இடம் மாறி, ஒரே உடம்பாகிவிடுவது. இந்த அத்தியாயம் முழுவதும் முடிச்சைத் தேடித்தான் போகிறோம்.

சைசிங் பட்டறைக்குத் தெரிந்த ரகசியம்

திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்கு முதலில் கஞ்சி போடுவார்கள்; இதுதான் சைசிங். போடாவிட்டால் தறியின் உரசலில் நூல் பிசிறடித்து அறுந்துபோகும். பருத்திப் பாவுக்கு மாவுக் கஞ்சி அருமையாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் பாவுக்கு அதே கஞ்சியைப் போட்டால் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். அதனால் பாலியெஸ்டருக்குக் கஞ்சிச் சரக்கையே மாற்றிவிடுவார்கள்.

காரணம் எளிது. பருத்தியும் குளுக்கோஸ் மாலைதான். அதிலும் மணிக்கு மூன்று கை. கஞ்சியின் கை பருத்தியின் கையைப் பிடிக்கிறது. பாலியெஸ்டரில் பிடிக்கத் தோதான கை மிகக் குறைவு. பாலிதீனில் சுத்தமாக இல்லை. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள மொட்டைச் சங்கிலி, மெழுகுக்கு அண்ணன். சுவரொட்டிப் பசையைப் பாலிதீன் கவரில் தடவிக் காயவைத்துப் பாருங்கள். விரலால் தட்டினால் அப்பளமாகப் பெயர்ந்து வரும்.

தோசையில் பட்டாணி

இவ்வளவு தெரிந்தும் மாவைப் பாலிதீனோடு கலக்க மனிதர்கள் முயலாமல் இல்லை. பிரிட்டனில் ஜெரால்டு கிரிஃபின் என்பவர் 1970களில் இதற்குக் காப்புரிமைகள் பெற்றார். நம் பக்கத்தில், 1963இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளி மாவை வைத்து இந்த ஆய்வைச் செய்திருக்கிறது. மாவு மலிவு, மாவு மக்கும், கிழங்குக்காரருக்கு இன்னொரு சந்தை. ஆசைப்பட நியாயம் இருந்தது.

ஆனால் வெறுமனே கலந்தால் என்ன ஆகும்? பையின் படலம் முப்பது, நாற்பது மைக்ரான் கனம்தான். மரவள்ளி மாவுக் குருணை ஒன்று சராசரியாகப் பதினைந்து மைக்ரான். பெரியது முப்பதைத் தொடும். மெல்லிய தோசைக்குள் பட்டாணி வைத்தது போல இருக்கும். பட்டாணிக்கும் தோசைக்கும் ஒட்டுறவு இல்லை. இழுத்ததும் ஒவ்வொரு பட்டாணியைச் சுற்றியும் ஓர் இடைவெளி திறக்கும். இடைவெளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கிழிசல். தனிப் பாலிதீன் தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபடும். மாவு கலந்தது, கொஞ்சம் இழுத்ததுமே போய்விடும்.

குருணையைக் கரைத்துச் சேர்த்தால்? மாவை உருக்க முடியாது. வெறும் வாணலியில் ஜவ்வரிசியை வறுத்தவருக்குத் தெரியும், அது உருகாது, கருகும். தண்ணீர் விட்டால் இளகும். ஆனால் பிளாஸ்டிக் உருக்கும் சூட்டில் தண்ணீர் ஆவியாகி ஓடிவிடும். ஆகவே மருந்துக் கடையில் விற்கும் கிளிசரினைச் சேர்க்கிறார்கள். அதன் கொதிநிலை 290 டிகிரி, அதனால் ஓடாது. அதற்கும் மூன்று கை. தண்ணீர் செய்த வேலையை அது செய்கிறது. மாவு பிசைந்த களி போல இளகி, பிளாஸ்டிக் போலவே இயந்திரத்தில் ஓடுகிறது. குருணைச் சிக்கல் தீர்ந்தது. ஒட்டாத சிக்கல் அப்படியே இருக்கிறது.

கொக்கி

மொட்டைச் சங்கிலிக்குக் கை இல்லை என்றால், கை வைத்துவிட்டால் என்ன?

மலியிக் நீரிலி என்ற சிறிய மூலக்கூறு ஒன்று உண்டு. வளையமாக மடங்கி, நாண் ஏற்றிய வில் போல இறுக்கத்தில் இருக்கும். உருகிய பாலிதீனில் சிறிது பெராக்சைடு சேர்த்தால் சங்கிலியில் அங்கங்கே ஒரு ஹைட்ரஜன் பிடுங்கப்படும். அந்தக் காயத்தில் இந்த வளையம் போய் உட்காரும். இப்போது பாலிதீன் கொக்கி வைத்த பாலிதீன் ஆகிவிட்டது. இது மணிகளாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது.

கொக்கியின் அருகில் மாவின் கை ஒன்று வந்தால் வில் தெறிக்கிறது. வளையம் திறந்து, ஒரு முனை மாவின் ஆக்சிஜனோடு முடிச்சாகிறது. இந்த முடிச்சுக்கு எஸ்டர் என்று பெயர். இதன் பிறகு பாலிதீன் சங்கிலியும் மாவு மாலையும் இரண்டல்ல, நடுவில் முடிச்சுப் போட்ட ஒரே கயிறு.

இளம்பிள்ளைப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருப்பவருக்கு இது புதுச் செய்தி இல்லை. பருத்தி நூலின் கையோடு முடிச்சுப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் 1956இல் சந்தைக்கு வந்தன. அதற்கு முந்தைய பல சாயங்கள் நூலைக் கைப்பிடியாகப் பிடித்தவை. துவைக்கத் துவைக்க வெளுத்தன. முடிச்சுப் போட்டது நின்றது.

நூறு கிலோவில் எத்தனை கொக்கி?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அதிசயம் புரியும். நூறு கிலோ சரக்கு ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இளக்கிய மாவில் மாவு 30 கிலோ, கிளிசரின் 10 கிலோ. பாலிதீன் 60 கிலோ; அதில் 6 கிலோ மட்டும் கொக்கி வைத்தது. அந்த ஆறு கிலோவிலும் கொக்கியின் எடை நூற்றுக்கு ஒன்று, அதாவது மொத்தமே 60 கிராம். ஒரு கைப்பிடி உப்பு.

மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நெல்லை எண்ணாமல் மரக்காலால் அளப்பது போல, ஒரு மணியின் எடை தெரிந்தால் மொத்த எடையிலிருந்து எண்ணிக்கை வரும். குளுக்கோஸ் மணியின் ஒப்பீட்டு எடை 162, கொக்கியின் எடை 98. முப்பது கிலோ மாவின் மணிகளை மூன்றால் பெருக்கினால் கைகள். அதை அறுபது கிராம் கொக்கிகளோடு ஒப்பிட்டால் கிடைப்பது இது: ஏறத்தாழ 900 கைகளுக்கு ஒரு கொக்கி.

முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ சுழியம் தவறவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பப் போட்டாலும் அதேதான். தொள்ளாயிரத்துக்கு ஒன்று எப்படிப் போதும்?

முதல் காரணம், மாவின் பெரும்பாலான கைகள் மாவுத் துளியின் உள்ளே இருக்கின்றன. பாலிதீனைத் தொட்டுக்கொண்டிருப்பவை எல்லையில் இருக்கும் கொஞ்சம் கைகள்தான். ஒட்ட வேண்டியதும் எல்லையில்தான். இரண்டாவது, ஒரு சங்கிலி நழுவாமல் இருக்க ஒரு முடிச்சே போதும். நீளம் முழுவதும் தைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, எண்ணிக்கை கேவலமில்லை. இந்தச் சரக்கில் செய்த ஐந்து கிராம் பை ஒன்றில் மட்டும் 2 எழுதிப் பக்கத்தில் 19 சுழியம் போட்ட அளவு கொக்கிகள் இருக்கும்.

ஆனால் எல்லாக் கொக்கியும் மாவிடம் போய்ச் சேராது. கிளிசரினுக்கும் கை உண்டு என்றேன் அல்லவா? அதுவும் கொக்கியைப் பிடிக்கும். மாவில் ஈரம் இருந்தால் தண்ணீரும் வளையத்தைத் திறந்துவிடும். ஒழுங்காகக் காயாத மாவு வந்தால் சரக்குக் கெட்டுப்போவதற்கு இது ஒரு காரணம். ஜவ்வரிசிக்குக் களத்தில் காய்ச்சல் பார்ப்பவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒன்றிரண்டு நிமிடத்துக்குள்

இதெல்லாம் நடப்பது குடுவையில் இல்லை. எக்ஸ்ட்ரூடர் என்ற இரும்புக் குழாய்க்குள், பக்கத்தில் பக்கத்தில் சுழலும் இரண்டு திருகுகளுக்கு நடுவில், சுமார் 150, 160 டிகிரிச் சூட்டில். சரக்கு ஒரு முனையில் விழுந்து மறுமுனையில் வெளிவர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் உருக வேண்டும், கலக்க வேண்டும், முடிச்சும் விழ வேண்டும்.

திருகு மாவுக் களியைப் பிய்த்துச் சிறு துளிகளாக்குகிறது. விட்டால் துளிகள் மீண்டும் ஒன்றுசேரும், ரசத்தின் மேல் எண்ணெய் சேர்வது போல. முடிச்சு விழுந்த துளி சேராது. அதன் தோலில் பாலிதீன் வால்கள் முளைத்திருக்கும், அடுத்த துளியைக் கிட்ட விடாது. நாமக்கல் முட்டை இதே வேலையை மயோனைசில் செய்கிறது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெய்த் துளிகளுக்குத் தோல் போர்த்திப் பிரித்து வைக்கிறது. மயோனைசில் தோல் வெளியிலிருந்து வருகிறது. குழாய்க்குள் தோல் எல்லையிலேயே, அந்த நிமிடத்திலேயே நெய்யப்படுகிறது. எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: கலக்கும் வேலையும் ஒட்டும் வேலையும் தனித்தனியாக இல்லை. ஒட்டுவதால்தான் நன்றாகக் கலக்கிறது.

ஆளை மாற்று

இப்போது சங்கடமான பகுதி. மாவும் பாலிதீனும் இறுக முடிச்சிட்டு நல்ல பை வந்துவிட்டது. மண்ணில் போட்டால்? நுண்ணுயிரிகள் மாவைத் தின்னும். பாலிதீனின் கார்பன் சங்கிலியை வெட்டும் கத்தி அவற்றிடம் கிட்டத்தட்ட இல்லை. மாவு போன இடமெல்லாம் ஓட்டை விழுந்து, பை நொறுங்கி, கண்ணுக்கு மறையும். மக்கியது போலத் தோன்றும், உண்மையில் பொடியாகியிருக்கும். முழுப் பையைப் பொறுக்கி எடுக்கலாம், பொடியை யார் பொறுக்குவது? இந்தக் கலவையை மக்கும் பை என்று விற்றதை நான் ஏமாற்று என்றே சொல்வேன், நல்லெண்ணத்தில் தொடங்கியதாக இருந்தாலும்.

ஆகவே ஆளை மாற்றினார்கள்: பாலிதீனுக்குப் பதிலாக, மக்கக்கூடிய வேறு பலபடி. 1998இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் எகோஃப்ளெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிபாட் (PBAT) அப்படிப்பட்டது. மெத்தென்று இழுபடும், பாலிதீன் போலப் படலமாகும். ஆனால் அதன் சங்கிலியே எஸ்டர் முடிச்சுகளால் ஆனது. நாம் கொக்கி வைத்துக் கஷ்டப்பட்டுப் போட்ட அதே முடிச்சு, இங்கே உடம்பு முழுக்க இருக்கிறது.

இதனால் மாவோடு சேர இன்னொரு வழியும் கிடைக்கிறது. சரியான சூட்டில், கொஞ்சம் அமிலத்தின் துணையோடு, மாவின் கை பிபாட் சங்கிலியின் ஒரு முடிச்சில் நுழைந்து அதை அவிழ்த்துத் தன்னோடு கட்டிக்கொள்ளும். ஒருவர் பிடித்த கையை விடுவித்து இன்னொருவர் பிடித்துக்கொள்வது போல ஒரு ஜோடி மாற்றம். நுழைந்த ஒவ்வொரு தடவையும் பிபாட் சங்கிலி ஓரிடத்தில் அறுகிறது என்பதை மறக்கக் கூடாது. கொஞ்சம் நடந்தால் இணைப்பு. அதிகம் நடந்தால் சங்கிலி துண்டு துண்டாகிப் பை இற்றுப்போகும். அமிலத்தின் அளவில், சூட்டில் கை தவறினால் போச்சு.

ராசிபுரத்து அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லலாம். பையில் மாவு பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மாவு தீவு, பிபாட் கடல்; தண்ணீருக்கு எட்டுவது கடல்தான், தீவுகள் இல்லை. அதனால் மழையில் கூழாகாது. நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தால் கொஞ்சம் தொளதொளக்கும். கடலாக இருக்கும் பிபாட் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

ஒரு சொட்டு பெட்டாடின்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் வகைகள் பலவற்றுக்குத் தடை வந்தபிறகு, பச்சை இலைப் படம் போட்ட பைகள் பெருகிவிட்டன. வீட்டில் சோதிக்க வழி உண்டா என்று கேட்பார்கள். பாதி வழி உண்டு.

புண்ணுக்குப் போடும் பெட்டாடினில் அயோடின் இருக்கிறது. ஒரு சொட்டை ஜவ்வரிசிமேல் விடுங்கள்; பழுப்பு மறைந்து கருநீலமாகும். மாவு மாலையின் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்ததன் நிறம் அது. பையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கொதிநீரில் சற்று நேரம் போட்டெடுத்து, வெட்டிய ஓரத்தில் சொட்டை விட்டுப் பாருங்கள். தீவுகள் வெளியே தெரிவது ஓரத்தில்தான். நீலம் வந்தால் மாவு இருக்கிறது.

அதற்கு மேல் அந்தச் சொட்டுக்குத் தெரியாது. மாவு பாலிதீனோடு கட்டப்பட்டிருந்தாலும் நீலம்தான், பிபாட்டோடு கட்டப்பட்டிருந்தாலும் நீலம்தான். மாவே சேராத, ஆனால் ஒழுங்காக மக்கக்கூடிய பைகளும் உண்டு. அவற்றில் நீலமே வராது. ஆகவே பையில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண்ணும் 17088 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்ச வழி. அந்தத் தரத்தின்படி பையின் கார்பனில் பத்தில் ஒன்பது பங்கு 180 நாளுக்குள் கரியமில வாயுவாகப் போயிருக்க வேண்டும்.

எருக்குவியல்

180 நாள் என்பது எங்கே வைத்து? சோதனைக்கூடத்தின் எருவில், 58 டிகிரிச் சூட்டில். இதைச் சொன்னால் பலர் முகம் வாடுகிறது. வீட்டுக் கொல்லையில் புதைத்தால் அந்தச் சூடு கிடைக்காது. பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். வாய்க்காலில் எறிந்தால் கேட்கவே வேண்டாம்.

எஸ்டர் முடிச்சை அவிழ்ப்பது தண்ணீர்; நுண்ணுயிரிகளின் நொதி அதற்குத் துணை. குளிரில் இரண்டும் மந்தம். பிபாட்டுக்குள் உள்ள விறைப்பான பகுதிகள் சூட்டில்தான் அசைந்து கொடுக்கும், தண்ணீரும் நொதியும் உள்ளே எட்டும். முடிச்சு அவிழ்ந்து சங்கிலி சிறு துண்டுகளானதும் நுண்ணுயிரிகள் எடுத்து விழுங்கிவிடும். மாவை அவை முன்பே முடித்திருக்கும். தீவுகள் போன பள்ளங்களின் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வருகிறது.

நாமக்கல் பக்கம் அந்தச் சூட்டுக்குப் பஞ்சமில்லை. கோழிப்பண்ணை எருவைத் தென்னை நார்க்கழிவோடு அடுக்கி, ஈரம் காட்டி, அவ்வப்போது புரட்டிவிட்டால் சில நாளில் குவியலின் நடு அறுபது டிகிரியைத் தொடும். மார்கழி விடியலில் புரட்டும்போது ஆவி பறக்கும். உள்ளே கையை விட்டால் உடனே எடுத்துவிடத் தோன்றும். இனிப்புக் கடைப் பை போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் குவியலின் நடு.